தெருவில் விட்ட கேமராக்கள் ஏன் திரும்பி வருவதில்லை?

3 பிப்ரவரி 2024

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமரா ஒன்றை வாங்குவது. ‘எடுங்கள், நாலைந்து படம் பிடியுங்கள், அடுத்தவரிடம் கொடுங்கள், முடிந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள்’ என்று அதன் மேல் எழுதி ஒட்டுவது. அப்புறம் ஏதாவது ஒரு பார்க் பெஞ்சில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவது. 2008 ஏப்ரலில் தொடங்கிய டிஸ்போசபிள் மெமரி புராஜெக்ட் இதைத்தான் செய்தது. ஆர்வலர்கள் சேரச் சேர பல நாடுகளில் சில நூறு கேமராக்கள் இப்படி வைக்கப்பட்டன. திரும்பி வந்தவை கொஞ்சம்தான்.

இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே பதில்: ‘ஜனங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க.’ எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அந்தக் கேமராவை எடுத்துப் போய் என்ன செய்வது? விற்க முடியாது. ஃபிலிம் தீர்ந்தால் வேறு ரோல் போடவும் முடியாது. படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழுவக் காசு கொடுக்க வேண்டும், அதுவும் யாரோ முகம் தெரியாதவர்களின் படங்களுக்கு. திருடனுக்கு இவ்வளவு உபயோகமற்ற பொருள் வேறு கிடையாது.

காரணம் வேறு எங்கோ இருக்கிறது. லண்டனில் படிக்கும்போது ஒரு மருந்துக்கடையின் போட்டோ கவுன்ட்டரில் பகுதி நேரமாக வேலை பார்த்தவன் நான். இந்தக் கேமராக்களை மூட்டை மூட்டையாகத் திறந்திருக்கிறேன். தோன்றத் தோன்ற இங்கே எழுதுகிறேன்.

3 பிப்ரவரி, இரவு

முதல் சந்தேகம் துப்புரவுப் பணியாளர்கள் மேல். குற்றமாகச் சொல்லவில்லை, பெஞ்சில் கிடக்கும் அட்டைப்பெட்டியை அப்புறப்படுத்துவது அவர்கள் வேலை. லண்டனில் இன்னொன்றும் உண்டு. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஆள் இல்லாமல் கிடக்கும் எந்தப் பொருளையும் அந்த ஊர் வேறு கண்ணோடுதான் பார்க்கிறது. உள்ளே பேட்டரியும் மின்சுற்றும் உள்ள, கையால் ஏதோ எழுதி ஒட்டிய பெட்டியை ரயில் நிலையத்தில் வைப்பது நல்ல யோசனையே அல்ல. அடுத்தவருக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டு அவரிடமிருந்து படத்தை எதிர்பார்க்க முடியாது.

சத்திரம், தங்கும் விடுதி, சின்னக் காபிக்கடை, நூலகம் எல்லாம் மேல். அங்கே ஒரு ஆள் இருப்பார், ‘இது என்ன’ என்று கேட்டால் சொல்வார்.

5 பிப்ரவரி

அந்நியர்களை நம்பலாம் என்பதற்கு என்னிடம் உள்ள பெரிய சாட்சி ஜியோகேச்சிங், அதாவது யாரோ மறைத்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடிப் பிடிக்கும் விளையாட்டு.

2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. ஒன்றிரண்டு நாளிலேயே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு மறைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். தேடிப் போய் எடுத்தார்கள். விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. அதற்குப் பிறகு பலர் தங்கள் டப்பாவுக்குள் ஒரு டிஸ்போசபிள் கேமராவையும் போட்டு வைக்கும் வழக்கம் வந்தது. கண்டுபிடித்தவர் தன்னைத் தானே ஒரு படம் எடுத்துவிட்டுக் கேமராவைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட வேண்டும். ஃபிலிம் முடிந்ததும் டப்பாவை வைத்தவர் போய் எடுத்துக் கழுவுவார்.

அங்கே வருகிறவர்களும் முன்பின் தெரியாதவர்கள்தான். காட்டுக்குள், கேட்க நாதியில்லாத இடத்தில்தான் கேமரா கிடக்கிறது. ஆனாலும் வருகிறவர்கள் படம் எடுத்துவிட்டு, கேமராவை அதே டப்பாவில் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். என்ன வித்தியாசம்? கேமரா ஓரிடத்தில் இருக்கிறது, மனிதர்கள் அதைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் கேட்பது ஒரே ஒரு காரியம், அதையும் அந்த இடத்திலேயே முடித்துவிடலாம்.

ஊர் சுற்றும் கேமராவில் அப்படி இல்லை. எடுப்பவர் அதைச் சுமக்க வேண்டும், நினைவில் வைத்திருக்க வேண்டும், அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான கேமராக்கள் யாரோ ஒருவர் வீட்டு மேஜை இழுப்பறையில் இன்னமும் இருக்கின்றன என்றே நான் நம்புகிறேன்.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

இழுப்பறை என்றதும் ஞாபகம் வந்தது. கவுன்ட்டருக்கு வரும் கேமராக்களில் ஒரு பகுதி அப்படித்தான் வரும். கல்யாணத்துக்கு வாங்கியது, குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. நிறம் எல்லாம் ஊதாவும் பச்சையுமாகத் திரிந்து போயிருக்கும். கழுவாத ஃபிலிமில் பதிந்த படம் காலத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் சீக்கிரமே மங்கும்.

9 பிப்ரவரி

இன்று எழுத வந்தது கடைசிப் படம் பற்றி. இதுதான் முக்கியமான காரணம் என்று எனக்குப் படுகிறது.

இந்தக் கேமராக்களின் மேல்புறத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை இருக்கும். அதில் 27 என்று ஆரம்பித்து இறங்குமுகமாக எண் வரும். இன்னும் எத்தனை படம் மிச்சம் என்று அர்த்தம். இருபதைப் பார்ப்பவர் தாராளமாக நாலு படம் எடுப்பார். ஐந்தைப் பார்ப்பவர் ஒன்று எடுப்பார். ஒன்றைப் பார்ப்பவர்? அவர் எடுத்துவிட்டால் கேமரா முடிந்துவிடும், தபால் வேலை அவர் தலையில். அத்தனை பேர் எடுத்து வந்த ஒன்றைத் தான் முடித்துவைக்கிறோம் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். ‘ஏதாவது நல்ல காட்சி வரட்டும்’ என்று வைத்திருப்பார். நல்ல காட்சி வரவே வராது.

சொந்தக் கேமரா என்றால் இந்தச் சிக்கல் இல்லை. மிச்சமிருக்கும் இரண்டு படத்தை வீணாக்க மனம் வராமல், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னையே பிடித்துவிட்டுக் கேமராவை நீட்டிய வாடிக்கையாளர்கள் ஏராளம். லண்டனில் எத்தனையோ வீட்டு ஆல்பங்களின் கடைசிப் பக்கத்தில், நீலச் சட்டையில் ரசீதுப் புத்தகத்தோடு நான் இருப்பேன். அது அவர்கள் காசு, அவர்கள் படம், அதனால் தயங்காமல் முடித்தார்கள். பொதுவான கேமராவுக்கு அந்த உரிமையைக் கையில் எடுக்கும் ஆள் அமைவதில்லை.

வழி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். எண் ஐந்துக்குக் கீழே இறங்கியதும் வைத்திருப்பவர் மிச்சத்தை எடுத்து முடித்து அனுப்பலாம் என்று கேமராவிலேயே எழுதிவிட வேண்டும். அனுமதி கொடுத்தால் மனிதர்கள் செய்வார்கள்.

10 பிப்ரவரி

தபால் செலவை மேலே தொட்டுவிட்டு விட்டுவிட்டேன். அதையும் பார்க்கலாம்.

உறையில் முன்கூட்டியே தபால்தலை ஒட்டிக் கொடுத்துவிட்டால் போதுமே என்பார்கள். ஒரே நாட்டுக்குள் என்றால் சரி. லண்டனில் ஒட்டிய தபால்தலை போர்ச்சுகலில் செல்லாது. இதற்காகவே சர்வதேச பதில் கூப்பன் என்று ஒன்று இருந்தது. 1906இல் ரோமில் நடந்த உலக அஞ்சல் ஒன்றிய மாநாட்டில் முடிவாகி, அடுத்த வருடம் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கொடுத்தால், வெளிநாட்டுக்குச் செல்லும் சாதாரணக் கடிதத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச தபால்தலை கிடைக்கும். ஆனால் கேமரா கடிதத்தைவிடப் பல மடங்கு கனம், ஒரு கூப்பன் எந்த மூலைக்கு? பிரிட்டனில் 2011 கடைசியோடு இதை விற்பதை நிறுத்தினார்கள், அமெரிக்காவில் 2013இல்.

ஆகவே கடைசி ஆள் சொந்தக் காசில் பார்சல் போட வேண்டும். பெரும்பாலும் தன்னுடையது அல்லாத 27 படங்களுக்காக, முகம் தெரியாத ஒருவருக்கு. திரும்பி வந்த ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் இப்படி ஒருவர் வரிசையில் நின்று பணம் கட்டியிருக்கிறார். எத்தனை காணாமல் போயின என்பதைவிட, இத்தனை பேர் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

16 பிப்ரவரி

கழுவுகிற இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

சாதாரணக் கேமராவில் ஃபிலிம் டப்பாவிலிருந்து வெளியே வந்து, ஒவ்வொரு படமாக எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளும். டிஸ்போசபிளில் இது தலைகீழ். தொழிற்சாலையிலேயே முழு ஃபிலிமையும் வெளியே இழுத்து எதிர்ப்பக்கம் சுற்றி வைத்துவிடுவார்கள். நீங்கள் கட்டைவிரலால் பல்சக்கரத்தை ஒவ்வொரு முறை தள்ளும்போதும், எடுத்த படம் டப்பாவுக்குள் போய்விடும். யாராவது ஆர்வக்கோளாறில் கேமராவைப் பிரித்தாலும், அதுவரை எடுத்த படங்கள் தப்பித்துவிடும். எடுக்காத ஃபிலிம்தான் வெளுத்துப் போகும். கை மாறிக்கொண்டே இருக்கும் கேமராவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எங்கள் வேலையும் அதனால் சுலபம். அட்டை உறையைக் கிழித்து, அடிப்பக்கத்தில் இருக்கும் குட்டிக் கதவை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஃபிலிம் டப்பா பொத்தென்று கையில் விழும். இருட்டறை வேண்டாம். பக்கத்திலேயே பேட்டரியும் வந்துவிடும். ஃபிளாஷ் பகுதியில் மட்டும் கை படக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது ‘ஆ’ என்று கத்துவார்கள்.

அப்புறம் சி-41 மெஷின், அதாவது கலர் ஃபிலிமை ரசாயனங்களில் கழுவும் மெஷின். டெவலப்பரில் 37.8 டிகிரி செல்சியஸில் மூன்றே கால் நிமிடம், பிறகு ப்ளீச், ஃபிக்ஸர், ஸ்டெபிலைசர், உலர்த்தல். வெளியே வரும் ஃபிலிம் பட்டையில்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஃபிலிம் பின்பக்கமிருந்து டப்பாவுக்குள் போவதால், முதலில் எடுத்த படம் பட்டையின் பெரிய எண்ணில் இருக்கும், கடைசியில் எடுத்தது சின்ன எண்ணில். யாரும் கவனித்து மாற்றாவிட்டால் பிரிண்டும் அதே வரிசையில்தான் விழும். அதாவது கடைசியாகத் தொட்டவரின் படம் முதலில் வரும், கேமராவைப் பெஞ்சில் வைத்தவரின் படம் கடைசியில் வரும்.

ஒருமுறை அப்படி ஒரு ரோல் என் கையில் வந்தது. யாரோ எங்கோ கண்டெடுத்த கேமரா என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். பிரிண்டர் திரையில் ஒவ்வொன்றாக வருகிறது: முதலில் ஒரு சமையலறை, அடுப்பின் மேல் பாத்திரம். அடுத்து ஒரு நாயின் முதுகு. அப்புறம் பஸ் ஜன்னல் வழியாக மழை. பிறகு ஒரு குடும்பம், முகமெல்லாம் ஃபிளாஷில் வெளிறி. பிறகு நாலைந்து வெறும் கறுப்பு, இருட்டில் ஃபிளாஷ் போடாமல் எடுத்திருப்பார்கள். எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் ஆரம்பிக்கிறார் என்பது சொல்லாமலே தெரிந்தது. ஒருவர் கொஞ்சம் சாய்த்தே பிடிப்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் குனிந்துதான் எடுப்பார், குழந்தையாக இருக்கலாம் அல்லது பூனைப் பைத்தியமாக இருக்கலாம். கையெழுத்து போல அவரவர் கண் தனியாகத் தெரிகிறது. அன்று எனக்கு ஒட்டிக்கொண்டதுதான் இந்த ஆர்வம்.

17 பிப்ரவரி

நேற்று எழுதியதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று: அட்டை உறையைக் கிழிப்போம் என்றேன் இல்லையா, அந்த உறை நேரே குப்பைக்குப் போகும். கேமராவின் கூடும் திரும்பக் கிடைக்காது. வழியில் யாராவது உறை மேல் ‘இதை நான் மலை உச்சியில் எடுத்தேன்’ என்று ஆசையாக எழுதியிருந்தால் அதுவும் போச்சு. ‘உறை வேண்டும், தூக்கிப் போடாதீர்கள்’ என்று கவுன்ட்டரில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

22 பிப்ரவரி

கூடு எங்கே போகும்? நல்ல கேள்வி, கொஞ்சம் திசை மாறுகிறேன்.

ஃபுஜி இந்த வகைக் கேமராவை ஜப்பானில் 1986இல் கொண்டுவந்தது, கோடாக் அடுத்த வருடம். ஒருமுறைதான் என்று விற்றாலும், லேபுகள் காலிக் கூடுகளைப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பும், நிறுவனங்கள் பாகங்களை எடுத்து மறுபடி பயன்படுத்தும். நடுவில் ஜாஸ் போட்டோ என்றொரு அமெரிக்க நிறுவனம் வந்தது. காலிக் கூடுகளை வாங்கி, சீனாவில் புது ஃபிலிமும் பேட்டரியும் போட்டு, டேப் ஒட்டி, புது அட்டை மாட்டி விற்றது. தன் காப்புரிமையை மீறுகிறது என்று ஃபுஜி வழக்குப் போட்டது. 2001இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், முதலில் அமெரிக்காவில் விற்கப்பட்ட கூடாக இருந்தால் அதில் ஃபிலிம் மாற்றுவது பழுதுபார்ப்பதுதான், அனுமதிக்கலாம் என்றது.

வாங்கியவருக்குத் தெரியாமலே கேமராக்கள் முன்பின் அறியாதவர்களிடையே கை மாறிக்கொண்டுதான் இருந்தன என்பதைச் சொல்லத்தான் இதை இழுத்தேன்.

2 மார்ச்

தெரிந்தவர்களிடம் கொடுத்தால் நிலைமை என்ன? லண்டனிலேயே கஃபே ஆர்ட் என்ற அமைப்பு இருக்கிறது. வீடற்றவர்களாக இருந்தவர்களுக்கு நூறு ஃபுஜி டிஸ்போசபிள் கேமராக்களை செயின்ட் பால் தேவாலயத்தில் வைத்துக் கொடுப்பார்கள். கொஞ்சம் பயிற்சியும் உண்டு. தலைப்பு ‘என் லண்டன்’. சில நாளில் கேமராவைக் கொண்டுவந்து தர வேண்டும். தேர்ந்தெடுத்த படங்கள் காலண்டராக வரும். 2015இல் அவற்றில் சுமார் எண்பது திரும்பி வந்தன. படுக்க இடம் இல்லாதவர்களிடமிருந்து எண்பது! ‘ஜனங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க’ என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ருவாண்டாவில் 2000இல் டேவிட் ஜிரானெக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இம்பபாசி அநாதை இல்லத்துப் பிள்ளைகளிடம் இதே கேமராக்களைக் கொடுத்தார். இனப்படுகொலைக்குப் பிறகு அந்த நாட்டைப் பற்றி உலகம் பார்த்த படங்கள் பெரும்பாலும் வெளியாட்கள் எடுத்தவை. பிள்ளைகள் எடுத்ததோ தோழியின் முகம், பக்கத்து வீட்டுக்காரர், விளையாட்டு.

இரண்டிலும் கொடுத்தவரை மறுபடி பார்க்கப் போகிறோம் என்பது தெரியும். எடுத்த படம் தன் கைக்கு வரும் என்பதும் தெரியும். தெருவில் விட்ட கேமராவில் இந்த இரண்டும் இல்லை. படம் எடுத்தவர் அதை ஒருநாளும் பார்க்க முடியாமல் போகலாம். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. கேமராவுக்கு ஓர் எண் கொடுத்து, படங்களை அந்த எண்ணின் பெயரில் இணையத்தில் போடுவது அதனால்தான் அவசியம். எடுத்தவர் என்றைக்காவது வந்து தேடினால் கிடைக்க வேண்டும்.

2 மார்ச், இரவு

இணையத்தில் போடுவது என்றதும் ஒரு தயக்கமும் வருகிறது. படம் எடுத்தவர் சம்மதித்தார், சரி. படத்தில் இருப்பவர்? பூங்காவில் விளையாடும் குழந்தையை யாரோ எடுத்திருக்கிறார், அதை நான் வெளியிடலாமா? 2008இல் இந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. என் நிலைப்பாடு: குழந்தைகளின் முகம் தெளிவாகத் தெரியும் படத்தைப் போட வேண்டாம். அழகான படமாக இருந்தாலும்.

11 மார்ச்

இப்போது கேமரா விடப்போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை.

செல்ஃபி. கைபேசிப் பழக்கத்தில் எல்லாரும் கையை நீட்டித் தங்களையே எடுப்பார்கள். இந்த லென்ஸ் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நிற்பதைத்தான் கூர்மையாகப் பார்க்கும். கை நீளத்தில் முகம் கலங்கலாக வரும், ஃபிளாஷ் போட்டால் வெள்ளையாக எரிந்துவிடும். ‘வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி போதும். அதில் இன்னொரு நன்மை, அந்த வேறொருவரே அடுத்த ஆளாகிவிடுவார்.

விமான நிலையம். சூட்கேஸில் போட்டு லக்கேஜாக அனுப்பவே கூடாது, அந்த ஸ்கேனர் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். கைப்பைக்கு இப்போது பல இடங்களில் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது, அதிலும் ஃபிலிமை வைக்க வேண்டாம் என்று கோடாக்கே சொல்கிறது. கையில் எடுத்துக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்ல வேண்டும். வழியில் கை மாறும் ஆட்களுக்கு இது எப்படித் தெரியும்? அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

24 மார்ச்

எழுதித்தான் ஆக வேண்டும், எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். இத்தனையும் எழுதினால் கேமராவா மருந்துச் சீட்டா என்று ஆகிவிடும். நீண்ட குறிப்பைப் பார்த்தாலே மனிதர்கள் கீழே வைத்துவிட்டுப் போவார்கள்.

ஜியோகேச்சிங் டப்பாவில் உள்ள கேமரா கேட்பது ஒரே ஒரு காரியம். அதைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே பெரிய எழுத்தில் மூன்றே வரி இருக்கட்டும்: இரண்டு படம் எடுங்கள். வேறொருவர் கையில் கொடுங்கள். எண் ஐந்துக்குக் கீழே போனால் நீங்களே முடித்து அனுப்புங்கள். விமான நிலைய விஷயம், செல்ஃபி விஷயம் எல்லாம் இணையப் பக்கத்தில் போகட்டும்.

‘கையில் கொடுங்கள்’ என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். பெஞ்சில் விடுவதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. நானே லிஸ்பனில் ஊர் முழுக்கத் தெரியும் ஒரு மேட்டில், சுவர் மேல் ஒன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்றுவரை தகவல் இல்லை. ஆனால் கையிலிருந்து கைக்குப் போகும்போது கொடுத்தவர் முகம் வாங்கியவருக்கு ஞாபகம் இருக்கும். கஃபே ஆர்ட் கேமராக்கள் திரும்பியதும் அதனால்தான்.

7 ஏப்ரல்

புதிதாக ஒன்றை அனுப்புகிறேன். ஃபுஜி குவிக்ஸ்னாப், ஐஎஸ்ஓ 400 (ஃபிலிம் ஒளியை உணரும் வேகம்), 27 படம், ஃபிளாஷ் உள்ளது. முதல் ஆள் முடிவாகிவிட்டார், எடின்பரோ போகிற ஒரு பஸ் ஓட்டுநர். முதல் படத்தை நானே எடுத்துவிட்டேன், அதில் என் வாசல் கதவும் கதவு எண்ணும் இருக்கின்றன. எந்த லேபில் கழுவினாலும், எல்லா ஒட்டுச்சீட்டும் கிழிந்து போனாலும், ஃபிலிமுக்குள்ளேயே கேமரா யாருடையது என்பது இருக்கும். கேமரா விடுகிற எல்லாரும் இதைச் செய்யலாம்: முதல் படமாக ஒரு தாளில் கேமரா எண்ணையும் மின்னஞ்சலையும் கொட்டை எழுத்தில் எழுதி, ஒரு மீட்டர் தள்ளி, வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். அதையே அட்டை உறையைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே பிளாஸ்டிக் மேல் அழியாத மார்க்கரிலும் எழுதுங்கள். உறை மழையில் நனைந்து கழன்றுவிடும், பிளாஸ்டிக்கில் எழுதியது நிற்கும்.